செவிக்கு வந்த சோதனை

மனிதகுலம் இதுவரை இசையைக் கேட்டதே இல்லை என்று கணக்காளர் அறிவித்தபோது, அவர் மனைவி தட்டு வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்க வயர் துண்டுகளும் ஈயக் கம்பியும் கிடந்தன. ஒரு மாதமாக அங்கே உட்கார்ந்துதான், பேட்டரியில் ஓடும் கையடக்கமான ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர், அதாவது போனில் ஓடும் பாட்டை ஹெட்போனில் துல்லியமாகக் கேட்கவைக்கும் பெட்டி ஒன்றைச் செய்து முடித்திருந்தார்.

“அடுத்தது இதைவிடப் பெருசா ஒண்ணு பண்ணப்போறேன்.”

“இதுவே வெறும் போன்ல கேக்கற மாதிரிதாங்க இருக்கு.”

“உன் காது அவ்வளவுதான்.”

“சரி, கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. எது போன், எது உங்க பெட்டின்னு சரியா சொல்லிட்டா மேஜை உங்களுக்கே. இல்லன்னா இன்னைக்கே காலி பண்ணணும்.”

துண்டால் கண்ணைக் கட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பாட்டு ஓடியது. அவர் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை.

“இது போன். தகர டப்பாவேதான். மாத்து, மாத்து!”

மனைவி வயரைப் பிடுங்கிச் செருகினாள். அதே பாட்டு.

“ஆகா! இதுதான் பெட்டி! பாடறவங்க மூச்சு விடறதுகூடக் கேக்குது. மேஜை எனக்குத்தான்!”

“ரெண்டு தடவையும் போன்தாங்க. ரெண்டாவது தடவை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சேன்.”

“அப்போ பெட்டி?”

“அதைத்தான் இவ்வளவு நேரமாத் தேடறேன். மேஜையில காணோம்.”

கணக்காளர் துண்டை அவிழ்த்துவிட்டு, மேஜையைக் காலி செய்ய எழுந்தார். பெட்டி அவருடைய சட்டைப்பையில் இருந்தது.