மேளமில்லாத முகூர்த்தம்

தாலி ஏறும்போது மேளம் கொட்டவில்லை. எல்லோரும் கைகளை மட்டும் உயர்த்தினார்கள். உப்பங்கழி நடுவே மணல்திட்டில் ஆலாப் பறவைகள் அடைகாக்கும் மாதம் அது. ஊரில் சத்தம் கூடாதென்று நிச்சயத்தின்போதே பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

"கல்யாணமா, கருமாதியா?" என்ற மாப்பிள்ளையின் தாய்மாமன் தணிகாசலம், பட்டணத்திலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த ஆயிரம்வாலாவைக் கொளுத்திப் போட்டார்.

திட்டிலிருந்த பறவைகள் மொத்தமாக மேலே எழும்பின. முட்டைகள் உச்சிவெயிலில் கிடந்தன.

யாரும் அவரை ஏசவில்லை. பந்தியில் உட்காரவுமில்லை. கரையில் நின்று வானத்தையே பார்த்தார்கள்.

"அதுங்க எறங்கட்டும், நாங்க அப்பறம் சாப்புடறோம்" என்றார் பெண்ணின் அப்பா எத்திராசு. "நீங்க உக்காருங்க சம்பந்தி, தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

நீளப் பந்தியில் தணிகாசலத்துக்கு மட்டும் இலை விழுந்தது. மஞ்சள் ஈரம் காயாத தாலியோடு மணப்பெண் ஏகவல்லியே பரிமாறினாள். சோற்றைப் பிசைந்த அவர் கை வாய்க்கு எழவில்லை.

திட்டில் ஒரு பறவை இறங்கியது. தணிகாசலம் பாதி எழுந்துவிட்டார். "எறங்கிடுச்சும்மா! பாரு, எறங்கிடுச்சு!"

"அது காக்கா, மாமா" என்று மெல்லச் சொன்ன ஏகவல்லி, குனிந்து அவர் இலையில் ரசம் ஊற்றினாள்.