பேர் போடாத கவர்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே தங்கப்பாண்டியன் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குள் நுழைந்தார். தெருவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கல்லாவில் இருந்த பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"ரெண்டு கிலோ காராச்சேவு. பேர் போடாத கவர்ல குடு தாயி. மொதலாளியம்மா இல்லையா?"

"பரிபூரணம் அக்கா ராசபாளையம் வரைக்கும் போயிருக்காக."

அப்பாடா என்றிருந்தது. ராஜபாளையத்தில் இருபது வருடமாகச் சேவுக்கடை நடத்துகிற மனுசன் போட்டிக் கடையில் சேவு வாங்கினால் ஊர் சும்மா விடுமா?

பொரித்த பண்டங்களை லேபுக்கு அனுப்ப இரண்டு ஊரிலும் மாதிரி எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி முந்தின நாளே கசிந்திருந்தது. அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கமில்லை. அவர் மனைவி ஈஸ்வரி கவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாம தெனம் புது எண்ணெய்தான ஊத்துறோம். கலர்ப்பொடி கெடையாது. பொறவு எதுக்கு பயப்படுதீக?"

"நம்ம சேவைப் பாரு, எம்மூஞ்சி மாதிரியே மங்கிக் கெடக்கு. அவுகளுது தங்கமா மின்னுது. பாஸாகுற சரக்கு எதுன்னு எனக்குத் தெரியாதா? பால்கோவா ஊருக்குப் போயி சேவு வாங்கிட்டு வந்த ஒரே கிறுக்கன் நான்தான்."

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கண்ணாடி ஜாடியிலிருந்த சேவை நாலு பாகமாகக் கட்டி, சீல் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தங்கப்பாண்டியன் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இருபதாம் நாள் நோட்டீஸ் வந்தது. பலமுறை காய்ச்சிய எண்ணெய், அதில் உண்டான கேடான சேர்மங்கள், அளவுக்கு மீறிய நிறம். தக்க பதில் இல்லையென்றால் உரிமம் ரத்தாகும். மறுசோதனை கேட்கலாம் என்றும் போட்டிருந்தது. கேட்டால், சீல் வைத்த மிச்சப் பாகமும் அதே சேவுதான்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் வண்டியை எடுத்தார். இந்தத் தடவை ஹெல்மெட் ஞாபகம்கூட வரவில்லை. பரிபூரணம் தன் கடைக்கு வந்த ரிப்போர்ட்டைப் பிரேம் போட்டு, மல்லிகைச் சரம் சாத்தி மாட்டியிருந்தாள். தீங்கான சேர்மம் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது.

"தங்கச்சி, வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். இருவது வருசமா சேவு போடுறேன், எஞ்சரக்கு மேல எனக்கே நம்பிக்கை இல்ல. ஒங்க சேவை வாங்கிட்டுப் போயி ஆபீசர்கிட்ட குடுத்தேன். பெயிலாயிருச்சு. என் கடை போகப்போகுது. அதே சேவு ஒங்களுக்கு மட்டும் எப்படி பாஸாச்சு?"

பரிபூரணம் பிரேமைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நான் குடுத்தது ஒங்க கடைச் சேவு."