முளை அடித்த இடம்

ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கூடாரம் போட இடம் தேடி அலைந்த கொழும்புக்காரன் ஜூட்சனுக்கு, தேயிலைச் சரிவின் நடுவே புல் படர்ந்த சமதரை ஒன்று கிடைத்தது. கூடாரத்தை விரித்து, ஒரு முளை அடித்துக் கயிற்றைக் கட்டியதுமே, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு தோட்டத் தொழிலாளி ஒருவன் பாய்ந்து வந்தான்.

"எடுடா கூடாரத்த! வெட்டிப் போட்டுருவேன்!"

ஒரே வீச்சில் கயிறு அறுந்தது. ஜூட்சன் சுத்தியலால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். கத்தி விழுந்தது. முகத்தில் விட்ட குத்தில் பல் தெறித்தது.

"ஒங்கப்பன் வீடாடா இது?" என்று கத்திக்கொண்டே, ஜூட்சன் இன்னொரு முளையை வெறியோடு தரையில் அறைந்தான்.

மண்ணுக்குள் தகரம் அதிர்ந்தது.

ரத்தம் ஒழுகும் வாயோடு அவன் தவழ்ந்து வந்து ஜூட்சனின் கையைப் பிடித்தான்.

"ஆமாங்கய்யா, எங்க லயத்து வீடுங்க இது. போன வருசம் மலை சரிஞ்சு மூடிருச்சு. எம்புள்ளைங்க இன்னும் உள்ளதான் கெடக்குதுங்க. மெதுவா அடிங்க."