குளிர்ப்பெட்டி

தில்லைநாயகத்தைக் கிடத்தியிருந்த குளிர்ப்பெட்டியை ஒட்டி, அவர் வளர்த்த ஹஸ்கி நாய் விடிந்ததிலிருந்து அசையாமல் படுத்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அதிகம் அழுதார்கள்.

"வாயில்லா ஜீவனுக்குக்கூட எவ்வளவு பாசம்!" என்று மூக்கைச் சிந்திய நாத்தனாரின் பார்வை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அவர் மனைவி சுகந்தியின் மேல் இருந்தது.

சித்திரை வெயிலில் இத்தனை ரோமத்தைச் சுமக்கிற நாய் குளிர்ச்சிக்குத்தான் ஒட்டிக் கிடக்கிறது என்று சுகந்திக்குத் தெரியும். அவர் தொண்டை வறளக் கத்தினாலும் அது திரும்பிப் பார்த்ததில்லை. "நீயும் அதுவும் ஒண்ணுதான்டி, கூப்பிட்டா வரமாட்டீங்க" என்று சிரிப்பார்.

மத்தியானம் எடுத்தார்கள். ஆண்கள் வண்டியோடு போனதும் பெண்கள் வீட்டைக் கழுவத் தண்ணீர் எடுத்தார்கள். கூடத்தில் காலிப்பெட்டி இன்னும் சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாயைக் காணோம்.

சுகந்தி வாசலுக்கு ஓடினாள். வண்டி திரும்பிய தெருமுனையில், கொதிக்கிற தாரில் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அது அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மேஜர்!"

திரும்பவில்லை. செருப்பில்லாமல் அவளே நடந்துபோய்ப் பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்து கூப்பிட்டும் வராத அழுகை, அங்கே தானாக வந்தது. அப்பாடா என்றிருந்தது.