ஐநூற்று ஒரு ரூபாய் நாவல்

"அம்பது ரூபா போடு நாகராஜு. அதுக்கு மேல எவனும் வாங்க மாட்டான்."

முகம்மது ஹனீப் இப்படிச் சொன்னதும் நாகராஜுக்குச் சுருக்கென்றது. தினமும் ஆபீஸ் போகும் ரயிலில் தொங்கிக்கொண்டு, எட்டு வருஷமாகப் போனிலேயே தட்டித் தட்டி எழுதிய நாவல். மின்னூலாக அவனே வெளியிடுகிறான். எல்லாம் ஏற்றியாகிவிட்டது. விலை போட வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"தெருக்கடை வடாபாவ் விலைக்கு விக்கச் சொல்லுதியா?"

"புது ஆளுல்லா நீ. முதல்ல நாலு பேரு படிக்கட்டும்."

தாராவியில் பை தைக்கிற பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவனுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான் நாகராஜ். பழைய சிநேகிதன் என்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை. 501 என்று அழுத்தினான்.

அவன் யோசனை வேறு. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து ஒன்று விடாமல் மொய் எழுதியவன் அவன். தனக்குக் கல்யாணமே ஆகாததால் திருப்பி எழுத யாருக்கும் வாய்ப்பு வரவில்லை. இந்த நாவல்தான் அவன் வீட்டு விசேஷம். காசு கொடுத்து வாங்குகிறவன் படிக்காமலா இருப்பான்?

கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டேட்டஸும் வைத்தான். 'தயவுசெய்து யாரும் ஓசியில் கேட்காதீர்கள்.'

நினைத்தபடியே சொந்தம் முழுக்க வாங்கியது. வாங்கியதற்கு அத்தாட்சியாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பி வைத்தது. நாகராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வாங்காதவன் ஹனீப் ஒருவன்தான். அதோடு விட்டானா, போன் போட்டு விலையை எப்போது குறைப்பாய் என்று வேறு கேட்டான்.

"நீ வாங்காட்டா போ. என் எழுத்த மட்டம் தட்டாத" என்று சொல்லி போனை வைத்துவிட்டான் நாகராஜ். அதன்பிறகு ஹனீப் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

சில மாதம் கழித்து, சித்தப்பா மகன் சுடலைக்கண்ணன் வீட்டில் காதுகுத்து. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணனிடம் நாகராஜ் மெதுவாக ஆரம்பித்தான்.

"கடைசி அத்தியாயம் எப்படிண்ணே இருந்துச்சு?"

சுடலைக்கண்ணனுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பொஸ்தகமா? அத எங்கடே தொறந்தேன். ஐநூத்தியொண்ணுன்னு போட்டிருந்தேல்லா, நீ மொய்யத் திருப்பிக் கேக்கேன்னு எல்லாருக்கும் வெளங்கிட்டு. ஹிசாப் தீந்து கணக்கு நேராயிட்டுல்லா, விடு."

நாகராஜ் அத்தை வீட்டில் கேட்டான், மாமா மகனிடம் கேட்டான். எல்லாரும் வாங்கியிருந்தார்கள். ஒருவரும் ஒரு பக்கம் புரட்டவில்லை. அவனுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

ஹனீபாவது மொய்க் கணக்குக்காக வாங்கவில்லையே என்று தோன்றியது. இரண்டு சந்து தள்ளித்தான் அவன் வீடு. வீம்பை விட்டுவிட்டு நடந்தான்.

ஹனீப்பின் மனைவி நூர் நிஷா கதவைத் திறந்தாள். கட்டிலில் இருந்த ஹனீப், நேர் எதிரே நின்ற நாகராஜைப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டான்.

நூர் நிஷாதான் விவரம் சொன்னாள். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதாம். பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டாராம். பட்டறையில் தெரிந்தால் மிஷினில் உட்கார விடமாட்டார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லையாம். இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிகிறதாம்.

நாகராஜ் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொஸ்தகத்த சும்மாவே அனுப்பியிருப்பேனே ஹனீபு."

"ஓசி கேக்காதீங்கன்னு நீதான போட்டிருந்த. வெல கொறஞ்சா, கண்ணு தெரியும்போதே முழுசாப் படிச்சிரலாம்னு பாத்தேன். வாங்குறதுக்கு முன்னாடி ஆரம்பத்துல கொஞ்சம் பக்கம் சும்மா படிக்க விடுதான்லா, அத மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

ஹனீப் நாகராஜ் பக்கமாக முகத்தைத் திருப்பினான்.

"கோவம் போயிட்டுன்னா ஒண்ணு மட்டும் சொல்லு. ஒன் கதையில வடாலாவுல ரயில் மாறி ஏறிட்டாளே அந்தப் புள்ள, அவ வீடு போய்ச் சேந்தாளா?"