விக்கெட் விழும் நேரம்

ரோஸ்லின் டீச்சரின் மகள் ஷைனி, பள்ளியில் படித்த காலத்தில் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டுதான் கிரிக்கெட் பார்ப்பாள். கூரையில் டிஷ் மாட்டிக் கொடுத்த கம்பெனியின் பங்குகளை ரோஸ்லின் அப்போதுதான் ஆசையாக வாங்கிப் போட்டாள். இப்போது ஷைனி மெல்போர்னில் இருக்கிறாள். ஊரே ஃபோனில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்ததும் பங்கு சரிந்துகொண்டே வந்தது.

"வித்துருங்க டீச்சர், இது இனி ஏறாது" என்றான் புரோக்கர் ஞானதாஸ். அவளுக்கு மனம் வரவில்லை.

இறுதிப் போட்டியன்று மகளை ஃபோனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தாள். முதல் விக்கெட் விழுந்ததும், "அவுட்டு!" என்று கத்திவிட்டாள்.

"ஐயோ அம்மா, இங்க இன்னும் பந்தே போடல! எனக்கு ஃபோன்ல கொஞ்சம் பிந்திதான் வரும்."

அதன் பிறகு ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு, மகளின் கூச்சல் வரும்வரை காத்திருந்தாள்.

"நீயும் ஃபோன்லயே பாரும்மா. சேர்ந்து பாக்கலாம்" என்றாள் ஷைனி.

மறுநாள் காலையில் ரோஸ்லின் ஞானதாஸை அழைத்து, "எல்லாத்தையும் வித்துருப்பா" என்றாள். விலைகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குப் புது ஃபோனில் கிரிக்கெட்டும் பழைய ஃபோனில் மகளுமாக உட்கார்ந்தாள்.

"அவுட்டும்மா!" என்று ஷைனி அலறினாள்.

ரோஸ்லினின் திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவரத் தொடங்கியிருந்தார். பந்து விழும்வரை அவள் காத்திருக்கவில்லை. மகளோடு சேர்ந்து கத்தினாள்.