ஒரே ஒரு புள்ளி

ரேடார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார் பெயின்ட் சார். ஃபெரைட் காந்தத் தூளைக் கலந்து, ரேடார் அலையை அப்படியே விழுங்கிவிடும் ஒரு பெயின்டைச் செய்ய ஒன்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவர். அதைப் பூசிய முதல் படகு கடலில் இருந்தது.

“ஏதாவது தெரியுதா?”

“மத்த படகெல்லாம் பளிச்சுனு தெரியுது சார். நம்ம படகு மட்டும் இல்ல,” என்றார் ஆபரேட்டர்.

“இன்னொரு தடவை நல்லாப் பாருப்பா.”

“பத்து தடவை பாத்தாச்சு சார்.”

ஒரே ஒரு புள்ளி தெரிந்தால் போதும், ஒன்பது வருஷமும் வீணாய்ப் போகட்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சோதனை நேற்றே முடிந்து, எல்லோரும் கைதட்டி ஓய்ந்தாயிற்று. திரும்பும் வழியில் புயலில் சிக்கி, வயர்லெஸ்ஸும் செத்துப்போன படகைத்தான் இப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். கடல் முழுக்கப் பனிமூட்டம்; ரேடாரை விட்டால் வேறு கதியில்லை. படகை ஓட்டிப் போனவன் அவருடைய மகன்.

கிளம்பும்போது பெயின்ட் கறை போகாத கையைக் காட்டி அவன் சிரித்தான்.

“நானே மூணு கோட்டிங் அடிச்சிருக்கேன்பா. ஒரு இடுக்கு விடல. உங்க பேரைக் கெடுக்க மாட்டேன்.”